இழைக்காத நரம்பு

ஜெசிந்தாவின் வேலைக்கு நியமன ஆணையில் ஒரு நீளமான பெயர் இருந்தது. நிலையத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. இழைப்பு என்பார்கள். தச்சர் பலகையை இழைக்கிற மாதிரி அவள் மனித மூளைகளை இழைத்துக்கொண்டிருந்தாள், கணினித் திரையில்.

சென்னைக்குத் தெற்கே, கேளம்பாக்கத்தைத் தாண்டி இருந்த அந்த ஆய்வு நிலையத்தில், இறந்தபின் தானமாகக் கொடுக்கப்பட்ட மூளைகளை முழுதாகப் படம்பிடித்தார்கள். பிசினில் தோய்த்துக் கட்டியாக்கிய மூளையின் மேற்பரப்பை நுண்ணோக்கி ஒரு படம் எடுக்கும். பிறகு ஓர் அயனிக் கற்றை அந்தப் பரப்பை மட்டும் சீவி எடுத்துவிடும். சீவலின் கனம் ஒரு தலைமுடியின் கனத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அடியில் தெரியும் புதுப் பரப்புக்கு மறுபடி ஒரு படம், மறுபடி ஒரு சீவல். இப்படி ஐம்பது லட்சம் படங்கள். ஒரு மூளை முடிய நாலு மாதம் பிடிக்கும். சீவியதெல்லாம் ஆவியாகிப் போய்விடுவதால் முடிவில் மூளை என்று ஒன்று இருக்காது. படங்கள்தான் இருக்கும்.

அந்தப் படங்களை அடுக்கினால் மூளை முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். ஆனால் கரடுமுரடாக நிற்கும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின்மேல் இம்மி விலகித்தான் உட்காரும் என்பதால், கம்பி போல ஓட வேண்டிய நரம்பு படிக்கட்டு போலத் தெரியும். அந்தப் படிகளைத் தேய்த்து, நரம்புகளை வழவழப்பாக்கி, வண்ணம் கொடுத்து, "சரி" என்று கையெழுத்துப் போடுவது ஜெசிந்தாவின் பொறுப்பு. அவள் கையெழுத்துப் போட்டதும் மூலப்படங்களை அழித்துவிடுவார்கள். ஒரு மூளையின் மூலப்படங்கள் நிலையத்தின் சேமிப்பில் பாதியை அடைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த மூளைக்கு இடமில்லை. ஆறு வருடத்தில் பதினாறு மூளைகளை அவள் அப்படி இழைத்து முடித்திருந்தாள்.

பதினேழாவது மூளையில் ஒரு நரம்பு இழைய மறுத்தது.

அந்த அக்டோபரில்தான் இழைப்பு மென்பொருளின் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழையது சிறிய மேடு எதைக் கண்டாலும் கேட்காமல் சீவித் தள்ளும். புதியதற்குக் கொஞ்சம் பொறுமை அதிகம். சந்தேகம் வந்தால் நிறுத்தி மனிதரைக் கேட்கும். ஒரு திங்கட்கிழமை காலை அது நின்றுகொண்டு, மூளையின் அடி ஆழத்தில் ஓடும் ஒற்றை நரம்பு ஒன்றைக் காட்டி, இதை என்ன செய்ய என்று கேட்டது. நாலரை சென்டிமீட்டர் நீளம். மேலெல்லாம் நுணுக்கமான வரம்புகள். படிக்கட்டுதானே என்று ஜெசிந்தா அழுத்தப்போன விரலை எதனாலோ எடுத்துக்கொண்டாள். நரம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டை மறந்தாள். மூன்று மணிக்கு நிலையத்தின் தலைவர் தில்லைநாயகத்தின் அறைக்குப் போய், ஒரு நிமிடம் வந்து பாருங்கள் என்று அழைத்தாள்.

தில்லைநாயகம் நரம்பியல் மருத்துவர். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக மூளையோடே வாழ்ந்தவர். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தத் தேவைப்பட்டதும் இல்லை. திரையைப் பார்த்ததும், படிக்கட்டு என்றார்.

"படிக்கட்டுன்னா சீவுற திசையில போற நரம்புலதான சார் வரணும்," என்றாள் ஜெசிந்தா. "இது பாருங்க, இந்த இடத்துல திரும்பிப் படுத்துக்குது. ஒரு சீவலோட பரப்புலயே போகுது. இவ்வளவு நீளமும் ஒரே படத்துக்குள்ள இருக்கு. ஒரே படத்துக்குள்ள படி எப்படி வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கலாம் என்றார். சாயம் அளவெடுத்தா ஏறும் என்று அவள் கேட்டாள். வரம்புகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் இருந்தன. அவை நரம்பைச் சுற்றிய வளையங்கள். சில தடித்தவை, சில மெலிந்தவை, எதுவும் விட்டுப்போகாமல் வரிசையாக.

"எங்க ஊர்ல எம்.எஸ்ஸி படிக்கும்போது நான் மீன்தான் சார் பாத்தேன். மீன் காதுக்குள்ள ஒரு கல்லு இருக்கும். தேச்சு நுண்ணோக்கியில வச்சா வளையம் வளையமாத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு வளையம். அந்த மீனு எத்தனை நாள் இருந்துச்சுன்னு எண்ணிச் சொல்லிரலாம்."

தூத்துக்குடிக்காரியான அவள் சொல்ல வந்தது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எண்ண ஒன்றரை நாள் ஆயிற்று. மென்பொருள் எண்ணியதை அவள் நூறு இடங்களில் கையால் எண்ணிச் சரிபார்த்தாள். இருபத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.

இழைத்து முடியும்வரை கொடையாளர் யாரென்று இழைப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. பதிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஹமீதாவிடம் போய், பெயர் வேண்டாம், பதினேழாவது ஆள் மொத்தம் எத்தனை நாள் வாழ்ந்தார் என்று மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ஹமீதா விநோதமாகப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டாயிரத்து நானூற்று முப்பத்தொன்று.

நாற்பத்தொரு நாள் குறைகிறது. இவ்வளவு நெருங்கி வந்தபின் அந்த நாற்பத்தொன்று அவளை அரித்தது. திரும்ப வந்து நரம்பின் நுனியிலிருந்து பின்னோக்கிப் போனாள். நுனிக்குச் சற்று முன்னால், வளையங்களுக்கு நடுவே, ஒரு கரிய கோடு தெரிந்தது. காயத் தழும்பு மாதிரி. அதற்கும் நுனிக்கும் இடையில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது வளையங்கள் இருந்தன. இந்த மனிதருக்குச் சாவதற்கு மூன்று வருடம் முன்னால் ஏதாவது நடந்ததா என்று ஹமீதாவைத் தொலைபேசியில் கேட்டாள். விதியில் அதற்கு இடமில்லை. ஆனாலும் ஜெசிந்தாவின் குரலில் எதையோ கேட்டு ஹமீதா சொன்னாள். உயரத்திலிருந்து விழுந்திருக்கிறார். நாற்பத்தொரு நாள் ஆழ்ந்த மயக்கம். அதன்பின் கண் மட்டும் திறந்திருக்க, எதையும் அறியாத நிலையில் மூன்று வருடம் படுக்கை. பிறகு மரணம்.

ஜெசிந்தா தொலைபேசியை வைத்தாள். கூடத்தில் குளிரூட்டி ஓடும் சத்தம் கேட்டது. அடுத்த மேசையில் யாரோ தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் நரம்பின் மறுமுனைக்கு, தொடக்கத்துக்குப் போனாள். அங்கே முதல் வளையம் இருந்தது. ஒரு குழந்தை பிறந்த நாள். அதன் பக்கத்தில் மறுநாள். குழந்தைப் பருவத்து வளையங்கள் ஒவ்வொன்றும் தடித்து, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றன. எல்லா நாளும் புது நாளாய் இருந்த காலம். இருபது வயதுக்கு மேல் மெலிந்தன. வேலைக்குப் போய் வந்த நாட்களாக இருக்கும். நடுநடுவே திடீரென்று ஒன்று தடித்திருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று உலகத்தில் யாருக்காவது தெரியுமோ தெரியாதோ, இங்கே பதிந்திருந்தது. ஒரு தலைமுடியின் கனத்துக்குள் ஒரு மாதம் அடங்கிப் போயிற்று. எத்தனையோ முறை கோயில் கோபுரங்களையும் கடலையும் பார்த்து வாய்பிளந்திருக்கிறாள். இப்படி ஒரு பிரமிப்பு அவளுக்கு வந்ததில்லை. ஜெபம் சொல்கிற பழக்கம் விட்டுப்போய் வருடங்கள் ஆகியும் உதடு தானாக அசைந்தது.

அப்புறம்தான் அந்தப் பதினாறு பேரின் நினைவு வந்தது. பதினாறு மூளைகள். பதினாறு ஆயுட்காலங்களின் ஒவ்வொரு நாளும் அவள் திரையில் வந்து நின்றிருக்கிறது. பழைய மென்பொருள் கேட்காமல் தேய்த்துத் தள்ள, அவள் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எழுந்து போய்க் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

தில்லைநாயகம் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். தழும்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டார். வளையங்கள் இருக்கின்றன என்றாள். நகமும் முடியும் வளர்வது மாதிரி அதுவும் தானாக வளர்ந்திருக்கும் என்றார் அவர். நகத்துக்கு நாளுக்கொரு தடிமன் கிடையாதே என்று சொல்லி, தழும்புக்கு அப்பாலும் தடித்ததும் மெலிந்ததுமாக இருப்பதைக் காட்டினாள். கடைசிப் பதினொன்று மிகவும் தடித்திருந்தன. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது அவர் முகம் இறுகிப் போயிருந்தது.

"நமக்குத் தெரியாத ஒண்ணை வெளியில சொல்ல முடியாது, ஜெசிந்தா. இப்படிப் படுத்துக் கிடந்தவங்களை, சிகிச்சையை நிறுத்தி அனுப்பி வெச்ச குடும்பங்க எத்தனை இருக்கு தெரியுமா? அவங்க நிம்மதியைக் கெடுக்கறதுக்கு நாம யாரு? திங்கட்கிழமை நம்ம மூளை அட்லஸ் வெளியாகணும். அதுக்குள்ள இழைச்சுக் கையெழுத்துப் போட்டுடுங்க."

திரும்பி வந்து மற்ற நரம்புகளை இழைத்தாள். அந்த ஒன்றை இழைக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

ஒவ்வொரு மூளையும் முடிந்ததும் கொடையாளரின் குடும்பத்தை ஒருமுறை அழைத்து, செய்த உருவத்தைத் திரையில் காட்டுவது நிலையத்தின் வழக்கம். வியாழக்கிழமை பதினேழாவது கொடையாளரின் மனைவி மதுரையிலிருந்து வந்தார். பெயர் பாண்டிமீனா. ஐம்பத்தாறு வயது, பள்ளிச் சத்துணவுக்கூட அமைப்பாளர். தனியாகத்தான் வந்திருந்தார். கணவர் பெயர் சோலைமலை என்றும், லிஃப்ட் மெக்கானிக் என்றும், வேலை பார்க்கும்போது லிஃப்ட் குழிக்குள் விழுந்தவர் என்றும் வந்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். வழவழப்பாக்கிய உருவத்தை மட்டும் காட்டினால் போதும் என்று தில்லைநாயகம் காலையிலேயே ஜெசிந்தாவிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

விளக்கை அணைத்து உருவத்தைத் திரையில் எழுப்பினாள். நீலமும் பொன்னுமாக ஆயிரமாயிரம் நரம்புகள் பட்டு நூல்போல மின்னிக்கொண்டு சுழன்றன. இதைப் பார்த்த குடும்பங்கள் வழக்கமாகக் கை குவிக்கும், சிலர் அழுவார்கள். பாண்டிமீனா தலையைச் சாய்த்துப் பார்த்தபடி இருந்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா அவுக மாதிரி இல்லையே தாயி. அவுக இம்புட்டு வழவழப்பான ஆளு கெடையாது."

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே லேசாகச் சிரித்தார். ஜெசிந்தாவின் கை விசைப்பலகைக்குப் போனது. அந்த உருவத்தை மூடிவிட்டு இழைக்காத நரம்பைத் திறந்தாள்.

வளையங்கள் என்ன என்பதை நாலு வாக்கியத்தில் சொன்னாள். கேட்பவர் நம்புவாரோ என்று யோசித்தாள். பாண்டிமீனா நம்பினார். நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் கல்யாணத்தன்றைக்கு எப்படி இருக்கிறது காட்டுங்கள் என்றார். வைகாசி பதினெட்டு, வருடம் இன்னது. ஜெசிந்தா மென்பொருளைத் தழும்பிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாள். வளையம் வந்து நின்றது. மெலிந்த, சாதாரண வளையம். காட்டியிருக்க வேண்டாமே என்று அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

பாண்டிமீனா வாய்விட்டுச் சிரித்தார். முதல் நாள் இரவு முழுக்க ஓர் ஆஸ்பத்திரியில் நின்றுபோன லிஃப்டைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துவிட்டு நேரே மண்டபத்துக்கு வந்தவராம். தாலி கட்டும்போதே தூங்கி வழிந்தாராம்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, நூற்றேழாம் நாளில், ஒரு வளையம் கயிறு முறுக்கியது போலத் தடித்திருந்தது. பல வருடங்களுக்கு அக்கம்பக்கத்தில் அவ்வளவு தடித்தது இல்லை. அன்று என்ன என்று ஜெசிந்தா கேட்டாள். பாண்டிமீனா விரல் விட்டு எண்ணினார். ஆவணிக் கடைசி. எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

"டவுன் ஹால் ரோட்டுல ஒரு லாட்ஜுல வேலை. நான் சோறு கொண்டு போயிருந்தேன். ரெண்டு பேரும் லிஃப்டுல ஏறுனோம். கரண்டு போச்சு. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல, கும்மிருட்டு. ரெண்டு மணி நேரம். எனக்குப் பயம் வந்துருச்சுன்னு பேசிக்கிட்டே இருந்தாக, சின்னப் புள்ளையில இருந்து நடந்ததெல்லாம். அன்னைக்குத்தான் தாயி எனக்கு அவுக புருசனாத் தெரிஞ்சாக." கொஞ்சம் நிறுத்தினார். "பத்து வருசம் கழிச்சுத்தான் சொன்னாக. அஞ்சே நிமிசத்துல கையால தொறந்திருக்கலாமாம். தொறக்கல."

இருவரும் அந்த வளையத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். வெளியே தெரியாமல், யாரும் தொட முடியாத ஆழத்தில், அந்த இருட்டும் அந்த இரண்டு மணி நேரமும் முப்பத்து மூன்று வருடம் இருந்து, எரியூட்டப்படாமல் இங்கே வந்து சேர்ந்திருந்தன.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. விழுந்ததற்கு அப்புறம்?

ஜெசிந்தா தயங்கினாள். அந்த அம்மாளின் கதையில் ஒரு பகுதியை அவள் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். மூன்றாவது முறை நிமோனியா காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். அதன்பின் பதினோரு நாள் உயிர் இருந்தது. அந்த முடிவுக்காக அவர் தன்னையே குற்றம்சாட்டிக்கொண்டு இருப்பார் என்று ஜெசிந்தா பயந்தாள். ஆனால் கேட்டவரிடம் அவர் கணவருடைய நாட்களை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தழும்பைக் காட்டினாள். அதற்கு அப்பால் போனாள்.

வளையங்கள் மெலிதாக, நடுநடுவே சற்றுத் தடித்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நூறு, இருநூறு, ஐந்நூறு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"இருந்தாகளா?" என்று கேட்டார் பாண்டிமீனா.

இருந்தார் என்றுதான் தனக்குத் தோன்றுகிறது என்றாள் ஜெசிந்தா. நிச்சயமாகச் சொல்ல இன்னும் பல மூளைகளைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். பாண்டிமீனா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவரை அறுத்தது வேறு ஒன்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"மொதல்ல ஆறு மாசம் பேசுனேன். டாக்டரு கேக்காதுன்னுட்டாரு. சும்மா சொவத்துகிட்டப் பேசுற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன். காலையில தொடச்சு விடுவேன், சாயங்காலம் தொடச்சு விடுவேன். மேசையத் தொடைக்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட அவுகளுக்கு மேலயே கையை நீட்டிக்கிட்டு ஊர்க்கதை பேசுவேன். ரெண்டு வருசத்துக்கு மேல அவுக மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசல தாயி."

ஜெசிந்தா கடைசிப் பதினொரு வளையங்களைத் திரையில் கொண்டுவந்தாள். நுனியை ஒட்டி, அவருடைய ஆயுளில் வேறெங்கும் தொடர்ச்சியாக அப்படி இல்லாத அளவுக்கு, பதினொன்றும் தடித்திருந்தன. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

பாண்டிமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வேண்டாமென்று முடிவான அன்றே சத்துணவுக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாராம். மருந்துக் குழாய்களைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாராம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் அனுப்புவது என்று, முடிவெடுத்தது உள்பட எல்லாவற்றையும் அவர் காதில் சொன்னாராம். பதினோரு நாளும் சொன்னாராம்.

பாண்டிமீனா எழுந்து திரைக்கு அருகே போய், அந்தக் கடைசி வளையங்களின்மேல், கண்ணாடியைத் தொடாமல், விரலை மெதுவாக ஓட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவருகே நின்றார்.

"எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாக. இன்னைக்கு எங்கெங்கயோ இப்பிடிப் படுத்துக் கெடப்பாகளே, அவுக வீட்டு ஆளுகளுக்கு இத யாரு சொல்லுவா?"

மறுநாள் காலை தில்லைநாயகத்தின் அறைக்குப் போய், காட்டிவிட்டேன் என்றாள் ஜெசிந்தா. கையெழுத்துப் போட மாட்டேன், மூலப்படங்களை அழிக்கவும் விடமாட்டேன், வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றாள். பாண்டிமீனா கேட்டதையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். குரு. கூடுவாஞ்சேரியில ஒரு பராமரிப்பு இல்லத்துல ஆறு வருஷமாப் படுத்திருக்கான். பைக் விபத்து."

ஆறு வருடமாக அவரோடு வேலை செய்கிறாள், இப்போதுதான் கேள்விப்படுகிறாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். குருவின் மனைவி நித்யா இரண்டு வருடம் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. அவளைப் பார்க்கச் சகிக்காமல் அவர்தான் சொன்னார். அவன் அங்கே இல்லையம்மா, இருப்பது உடம்பு மட்டும்தான், நீ உன் வாழ்க்கையைப் பார் என்று. விவாகரத்து வழக்கிலும் அவரே போய், ஒரு நரம்பியல் மருத்துவராக, என் தம்பிக்கு எந்த உணர்வும் இல்லை என்று சாட்சி சொன்னார். நித்யா நம்பினாள். இப்போது ஓசூரில் இருக்கிறாள். மறுபடி திருமணமாகி ஒரு பெண் குழந்தை. அவள் போவதை நிறுத்தியபின் அவரும் நிறுத்திவிட்டார்.

"இல்லாத ஒருத்தனைப் பார்க்க எதுக்குப் போகணும்னு நெனைச்சேன்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த அம்மாவோட வீட்டுக்காரருக்கு, ஒரு நாள்கூட விட்டுப்போகலையா?"

"ஒண்ணுகூட விடல சார். ஆனா நாம பாத்தது ஒரே ஒரு மூளை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொல்ல முடியாதே."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கணும், ஜெசிந்தா. தெரியும்னு சொன்னேன்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலப்படங்களை அழிக்கக் கூடாது என்ற உத்தரவை அன்றைக்கே அவர் தன் கையால் எழுதினார். அட்லஸ் எட்டு மாதம் தள்ளிப்போயிற்று. வெளிவந்தபோது இழைக்காத நரம்பும் அதில் இருந்தது. உலகத்தில் வேறு இடங்களிலும் தேடினார்கள். எல்லோரிடமும் அந்த நரம்பு இருந்தது. நினைவு தப்பிக் கிடந்தவர்களில் சிலருக்குத் தழும்புக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, நரம்பு அங்கேயே முடிந்துவிட்டிருந்தது. சிலருக்கு வளையங்கள் தொடர்ந்து வந்தன. யாருக்கு எது என்று உயிரோடு இருக்கும்போதே அறிய இன்றுவரை வழியில்லை. நிறையப் பேர் நிலையத்துக்கு எழுதினார்கள். சில கடிதங்களைப் படித்துவிட்டு ஜெசிந்தா அன்று வேலை செய்ய முடியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பராமரிப்பு இல்லங்களில் கட்டில்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போடத் தொடங்கினார்கள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தில்லைநாயகம் கார்ச் சாவியைக் கையில் எடுத்தார். ஜெசிந்தா சாவியை வாங்கிக்கொண்டு, நான் ஓட்டுகிறேன் சார் என்றாள். கூடுவாஞ்சேரிக்கு ஓட்டிப் போனாள்.

இல்லத்தில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தம்பியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, மாடியில் ஓர் அறையைக் காட்டினார்கள். ஜன்னலோரம் கட்டில். நாற்பத்து நாலு வயது மனிதர் ஒருவர், சவரம் செய்த முகத்தோடு, கண்ணைத் திறந்து மேலே பார்த்தபடி கிடந்தார். அண்ணனின் அதே மூக்கு. அறையில் உட்கார இடமில்லாததால் தில்லைநாயகம் நடையிலிருந்த ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து கட்டிலுக்கு அருகே போட்டார்.

உட்கார்ந்தார். தாளைப் பார்க்காமல் மணிக்கணக்கில் சொற்பொழிவு செய்யக்கூடியவருக்கு வாய் வரவில்லை. ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்து, என்ன பேசுவது என்று கேட்டார். இன்றைக்கு என்ன என்பதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றாள் அவள்.

"குரு," என்றார். "அண்ணன் வந்திருக்கேன்டா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெளியில மழை வர்ற மாதிரி இருக்கு."

நிறுத்தினார். தம்பியின் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நித்யாவைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவளா உன்னை விட்டுப் போகலை. நான்தான் அனுப்பினேன்."

ஜெசிந்தா வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். நடையில் அவள் நின்றிருந்த நேரமெல்லாம் உள்ளே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.